ஜப்பானில் அமெரிக்கக் கார்களை ஏன் காணோம்?

"ஜப்பான் கார்கள் அமெரிக்கா முழுக்க ஓடுகின்றன. ஜப்பானில் மட்டும் அமெரிக்கக் கார் கண்ணில் படுவதே அரிதாக இருக்கிறதே, ஏன்? வரி போட்டுத் தடுத்து வைத்திருக்கிறார்களா?" இதுதான் கேள்வி. கார் உதிரிபாகத் தொழிலில் இருப்பவன் நான். யோக்கோஹாமாவில் ஆறு ஆண்டு வேலை பார்த்தேன். இந்தக் கேள்வியை அங்கே தினமும் தெருவில் பார்த்தபடிதான் வேலைக்குப் போனேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வரி விஷயத்தை முடித்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து வரும் காருக்கு ஜப்பான் விதிக்கும் சுங்க வரி பூஜ்யம். 1978 முதலே அப்படித்தான். அமெரிக்காதான் பல பத்தாண்டுகளாக இறக்குமதிக் காருக்கு 2.5 சதவீதமும், பிக்கப் வண்டிக்கு 25 சதவீதமும் வசூலித்து வந்தது. 2025-இல் டிரம்ப் அரசு ஜப்பான் கார்கள் மீது கூடுதலாக 25 சதவீதம் போட்டது; பேச்சுவார்த்தைக்குப் பிறகு அது மொத்தம் 15 சதவீதம் என்று இறங்கியது. ஆகவே சுங்க வரியை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

எண்ணிக்கையைப் பார்த்தால் கேள்வி நியாயமானது என்று புரியும். 2024-இல் ஜப்பானில் விற்ற புது வண்டிகள் சுமார் 44 லட்சம். அதில் அமெரிக்கப் பெயர் தாங்கியவை, டெஸ்லாவையும் சேர்த்து, 20,000-ஐக்கூட எட்டவில்லை. அதிலும் பாதிக்கு மேல் ஜீப். ஷெவர்லே, காடிலாக் இரண்டையும் கூட்டினால் ஆயிரத்தை ஒட்டித்தான் வரும். அதே ஆண்டு ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய கார்கள் 13 லட்சத்துக்கு மேல்.

சரி, ஜப்பானியர்கள் வெளிநாட்டுக் காரே வாங்க மாட்டார்களோ என்றால் அதுவும் இல்லை. மெர்சிடிஸ் மட்டுமே ஆண்டுக்கு 50,000-க்கு மேல் விற்கிறது. டோக்கியோவின் வசதியான பகுதிகளில் பத்து நிமிடம் நின்றால் பிஎம்டபிள்யூ, ஆடி, வோல்வோ, மினி எல்லாம் வரிசையாகக் கடந்து போகும். ஆக, வெளிநாட்டுக் கார் வருகிறது. அமெரிக்கக் கார் மட்டும் வரவில்லை. பதிலை அந்த வித்தியாசத்துக்குள்தான் தேட வேண்டும்.

கொஞ்சம் பின்னால் போவோம். ஒரு காலத்தில் ஜப்பானில் கார் என்றாலே அமெரிக்கக் கார்தான். 1923-இல் டோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் பெரும் நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. டிராம் பாதைகள் சிதைந்துபோன நிலையில், டோக்கியோ நகராட்சி அவசரமாக ஃபோர்டு மாடல் டி லாரிகளின் அடிச்சட்டங்களைச் சுமார் 800 வரவழைத்து, அவற்றின் மேல் பெட்டி கட்டி பஸ்ஸாக ஓடவிட்டது. மக்கள் அவற்றை 'என்டாரோ பஸ்' என்று கூப்பிட்டார்கள். அந்த நகரத்தில் மோட்டார் வண்டி சாமானியரின் அன்றாடத்துக்குள் நுழைந்தது அப்படித்தான். அங்கே சந்தை இருக்கிறது என்று ஃபோர்டு புரிந்துகொண்டது. 1925-இல் யோக்கோஹாமாவில் தொழிற்சாலை திறந்து, பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டி விற்றது. 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) ஒசாகாவில் கடை விரித்தது. 1930-களின் தொடக்கத்தில் ஜப்பானில் விற்ற வண்டிகளில் பெரும்பகுதி இந்த அமெரிக்க நிறுவனங்களுடையதுதான். டொயோட்டா தன் முதல் பயணிகள் காரை 1936-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் உடல் அமெரிக்காவின் கிரைஸ்லர் குழுமத்தின் ஏர்ஃப்ளோ காரைப் பார்த்துச் செய்தது; என்ஜின் ஷெவர்லே என்ஜினைப் பிரித்துப் பார்த்துச் செய்தது. மாணவன் யார், ஆசிரியர் யார் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்தக் கதவை இழுத்து மூடியது ராணுவமும் அரசும். 1936-இல் வந்த மோட்டார் வாகன உற்பத்திச் சட்டம், உரிமம் பெற்ற ஜப்பானிய நிறுவனங்களே பெரிய அளவில் வண்டி செய்யலாம் என்றது. உரிமம் டொயோட்டாவுக்கும் நிஸ்ஸானுக்கும் போனது. ஃபோர்டும் ஜிஎம்மும் மூச்சுத் திணறி 1939-க்குள் உற்பத்தியை நிறுத்தின. போருக்குப் பிறகும் கதவு உடனே திறக்கவில்லை. வெளிநாட்டுக் கார் வாங்க டாலர் வேண்டும். டாலரை யாருக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது அரசின் கையில் இருந்தது. பயணிகள் கார் இறக்குமதிக்கு அனுமதி தாராளமானது 1965 அக்டோபரில்தான். அப்போதும் சுங்க வரி கடுமையாகவே இருந்து, படிப்படியாக இறங்கி, 1978-இல் பூஜ்யத்தைத் தொட்டது.

இந்த இடத்தில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "ஜப்பான் எங்களை உள்ளே விடவில்லை" என்று அமெரிக்கா புகார் சொல்கிறதே, 1936 முதல் 1970-களின் நடுப்பகுதி வரைக்கும் அது முழுக்க உண்மை. அந்த நாற்பது ஆண்டுகளில்தான் டொயோட்டாவும் நிஸ்ஸானும் ஹோண்டாவும் சொந்த ஊரில் போட்டியில்லாமல் வளர்ந்து, ஊருக்கு ஊர் விற்பனைக் கடை வைத்து வேர் பிடித்தன. யாரும் அதை மறுக்கக் கூடாது. ஆனால் கதவு திறந்து கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு ஆகிவிட்டதே, அதன் பிறகும் ஏன் காணோம்? அதற்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இல்லை. தெருவில் இருக்கிறது, சென்டிமீட்டர் கணக்கில்.

ஜப்பானில் வீடு கட்டுவதற்கான சட்டம், மனைக்கு முன்னால் குறைந்தது 4 மீட்டர் அகலச் சாலை வேண்டும் என்கிறது. 4 மீட்டர் என்பதே ஒடுக்கம். பழைய பகுதிகளில் அதுவும் இருக்காது. அதனால் வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் சாலையின் நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் விட்டுத் தள்ளித்தான் கட்ட வேண்டும் என்று விதி. நான் குடியிருந்த தெருவில் இரண்டு மின்கம்பங்கள் சாலைக்குள்ளேயே நின்றன. காலையில் குப்பை வண்டி வந்தால் எதிரே வருகிறவர் பின்னாலேயே போய்ச் சந்து முனையில் ஒதுங்கி நிற்பார். இரண்டு பேரும் தலை குனிந்து நன்றி சொல்லிக்கொண்டு கடப்பார்கள். ஃபோர்டு எஃப்-150 என்பது அமெரிக்காவில் பல ஆண்டுகளாக அதிகம் விற்கும் எஃப் சீரிஸ் பிக்கப் வரிசையைச் சேர்ந்த வண்டி. பக்கக் கண்ணாடிகளை விட்டுவிட்டு அளந்தாலே அதன் அகலம் 2.03 மீட்டர். நான்கு கதவு வைத்த வண்டி 5.9 மீட்டர் நீளம் வரும். அந்தத் தெருவில் அது நுழைந்தால் மற்ற எதுவும் நுழைய முடியாது.

அப்புறம் நிறுத்தும் இடம். 1962-இல் வந்த ஒரு சட்டப்படி, ஜப்பானின் பெரும்பாலான இடங்களில் கார் வாங்க வேண்டுமானால் அதை நிறுத்த வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று வாங்க வேண்டும். 'ஷாகோ ஷோமெய்' என்பார்கள். வரைபடம் போட்டு, அளவு குறித்துக் கொடுக்க வேண்டும். கார் அந்த இடத்துக்குள் அடங்க வேண்டும். சாலையோரம் விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சே கிடையாது. இடம் இல்லையென்றால் கார் இல்லை, அவ்வளவுதான்.

நகரத்துக்குள் இன்னொரு தடை உண்டு. எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஜன்னலே இல்லாத ஒல்லியான ஒரு கட்டடம் இருந்தது. பார்த்தால் தண்ணீர்த் தொட்டி என்று நினைப்பீர்கள். அது கார் நிறுத்தும் கோபுரம். கீழே ஒரு கதவு. உள்ளே ஓர் இரும்புத் தட்டு. அதன் மேல் காரை ஏற்றி, பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டு, ஓட்டுகிறவர் இறங்கி வெளியே வந்துவிட வேண்டும். கதவு மூடும்; தட்டு காரைத் தூக்கிக்கொண்டு மேலே போய் ஏதோ ஒரு மாடியில் சொருகிவிடும். வாசல் பலகையில் மூன்று எண்கள்: நீளம் 5.05 மீட்டர், அகலம் 1.85 மீட்டர், உயரம் 1.55 மீட்டர். ஜப்பான் முழுக்க இப்படிப்பட்ட கோபுரங்களில் ஏறக்குறைய இதே எண்கள்தான். சீருடை போட்ட ஒரு பெரியவர் அங்கே நிற்பார். பெரிய கார் ஏதாவது திரும்பினால், அது நிற்பதற்கு முன்பே இரண்டு கைகளையும் மார்புக்கு முன் பெருக்கல் குறி மாதிரி குறுக்காகப் பிடித்துக் காட்டிவிடுவார். பேச்சே இல்லை. சத்தமே இல்லாமல் எத்தனையோ கார் விற்பனைகளைத் தடுத்த கைகள் அவை என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

வரி என்று பார்த்தால், சுங்க வரி இல்லையே தவிர, கார் வைத்திருப்பதற்கு ஆண்டு வரி உண்டு. இப்போது 1.5 லிட்டருக்கு மேல் 2 லிட்டர் வரையுள்ள என்ஜினுக்கு 36,000 யென். 6 லிட்டரைத் தாண்டினால் 1,10,000 யென். 'கெய்' எனப்படும் குட்டிக் காருக்கு 10,800 யென் மட்டுமே. கெய் என்றால் நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள், என்ஜின் 660 சிசிக்குள் இருக்க வேண்டும். ஜப்பானில் விற்கும் புது வண்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த வகைதான். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. 1983-இல் வந்த மாருதி 800 ஒரு சுசுகி கெய் காரின் உடலில் 796 சிசி என்ஜின் வைத்ததுதான். ஆம்னியும் அதே குடும்பம். நம் சந்துகளுக்கு அந்தக் கார் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதற்குக் காரணம், அது பிறந்ததே அப்படிப்பட்ட சந்துகளுக்காக. இந்தச் சந்தைப் பகுதியில், அமெரிக்கக் கார் நிறுவனங்களின் தலைநகரான டெட்ராய்ட்டிடம் விற்க ஒரு கார்கூட இல்லை, என்றுமே இருந்ததில்லை.

இங்கே அமெரிக்கர்களுக்கு நியாயம் செய்ய இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1989 வரை ஆண்டு வரி என்ஜினை மட்டும் பார்த்து வரவில்லை. நீளம் 4.7 மீட்டரையோ அகலம் 1.7 மீட்டரையோ தாண்டினாலே, என்ஜின் சிறியதாக இருந்தாலும், கார் பெரிய வகைக்குப் போய்விடும். 39,500 யென் வரி ஒரேயடியாக 81,500 யென் ஆகிவிடும். இதே விதிதான் டொயோட்டாவுக்கும். ஆனால் டொயோட்டா 1.69 மீட்டரில் கார் வரைந்தது. அமெரிக்கக் கார் அகலமாகவே பிறந்தது. 1989-இல் ஜப்பான் அந்த விதியை எடுத்துவிட்டது. அதன் பிறகு அகலமான கார்களின் விற்பனை மளமளவென ஏறியது. பலனை அறுவடை செய்தவர்கள் ஜெர்மானியர்களும் ஜப்பானியர்களுமே.

ஏன் ஜெர்மானியர்கள்? ஒரு முக்கியக் காரணம் ஸ்டீயரிங். ஜப்பானில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்ட வேண்டும். ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார வேண்டும். பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் விற்கிற ஜெர்மானிய நிறுவனங்களிடம் வலப்பக்க ஸ்டீயரிங் வைத்த கார் எப்போதும் கையில் இருந்தது. அமெரிக்க நிறுவனங்கள் பல ஆண்டுகள் இடப்பக்க ஸ்டீயரிங் காரையே அப்படியே கப்பலில் ஏற்றி அனுப்பின. ஒரு காலத்தில் பணக்கார ஜப்பானியர்களுக்கு இடப்பக்க ஸ்டீயரிங் என்பதே பெருமைக்கான அடையாளமாக இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பெருமை சில ஆயிரம் பேருக்குப் போதும். லட்சம் பேருக்குக் கார் விற்க உதவாது.

என்னோடு வேலை பார்த்த ஓர் ஜப்பானிய நண்பர் அமெரிக்க வண்டிப் பைத்தியம். தொண்ணூறுகளில் வந்த ஒரு பெரிய வேனைப் பழையதாக வாங்கி, பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். ஒரு மழைநாளில் அவரோடு கடைவீதிக்குப் போனேன். வாகன நிறுத்தத்தின் வாசலில் சீட்டு எடுக்கும் இயந்திரம் வலப்பக்கம். அவர் உட்கார்ந்திருப்பது இடப்பக்கம். நான் பக்கத்தில் இருந்ததால் ஜன்னலை இறக்கிக் கை நீட்டி எடுத்துக் கொடுத்தேன், என் சட்டைக் கை முழுக்க நனைந்தது. "நான் தனியாக வந்தால் குடையை எடுத்துக்கொண்டு இறங்கி, வண்டியைச் சுற்றி நடந்துபோய் எடுப்பேன். பின்னால் நிற்பவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்து ஏறுவேன்" என்றார். சுங்கச்சாவடியில் மின்னணு அட்டை வரும் வரை அங்கேயும் இதே கதைதான். குறுகலான சாலையில் முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமானால், எதிரே என்ன வருகிறது என்று பார்க்க வண்டியையே பாதி வெளியே நீட்ட வேண்டும். அவர் இதையெல்லாம் ஆசையோடு செய்தார். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் அவர் மனைவி அந்த வேனைத் தொடவே மாட்டார். அவருக்கென்று ஒரு கெய் கார் இருந்தது.

இதை மாற்ற அமெரிக்கா முயலவே இல்லை என்று சொன்னால் தவறு. 1992 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் மூன்று பெரிய கார் நிறுவனங்களின் தலைவர்களையும் கூட்டிக்கொண்டு டோக்கியோ போனார். 1995-இல் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி மிக்கி கேன்டர், ஜப்பானிய சொகுசுக் கார்கள் மீது 100 சதவீத வரி போடப் போவதாக எச்சரித்தார். அவருக்கு எதிரே உட்கார்ந்தவர் ஜப்பானிய வர்த்தக அமைச்சர் ரியூட்டாரோ ஹாஷிமோட்டோ, பின்னாளில் பிரதமர் ஆனவர். ஜூன் இறுதியில் ஜெனிவாவில் உடன்பாடு வந்தது. அந்தக் காலச் சூட்டில் பிறந்தவைதான் நான் மிகவும் பாடமாகக் கருதும் சில கார்கள்.

அவற்றில் முதலாவது டொயோட்டா கேவலியர். ஓஹையோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுனில் ஜிஎம் செய்துவந்த ஷெவர்லே கேவலியர் காரை டொயோட்டா தன் பெயரில், தன் கடைகளில் விற்க ஒப்புக்கொண்டது. 1996 ஜனவரியில் விற்பனை தொடங்கியது. இந்த முறை வலப்பக்க ஸ்டீயரிங். பின்விளக்கில் சிவப்பு இண்டிகேட்டருக்குப் பதில் ஜப்பான் கேட்கும் மஞ்சள். பக்கக் கண்ணாடி பொத்தானை அழுத்தினால் மடங்கும். ஸ்டீயரிங்குக்கும் கியர் பிடிக்கும் தோல் உறை. டிக்கி மூடியின் உட்புறத்தில் கார்ப்பெட். அந்தக் கார்ப்பெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானிய வாடிக்கையாளர் காரைப் பார்க்க வந்தால் டிக்கியைத் திறந்து மூடியின் உள்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். வெறும் தகரம் தெரிந்தால் மனதில் ஒரு புள்ளி விழுந்துவிடும். டொயோட்டாவுக்கு அது தெரிந்திருந்தது, அதனால் சேர்க்கச் சொன்னது. இவ்வளவு செய்தும் என்ஜின் 2.4 லிட்டர், 2 லிட்டர் எல்லையைத் தாண்டியதால் வரி மேல்படிக்குப் போனது. அகலமும் 1.7 மீட்டரைத் தாண்டியது. உள்ளே பிளாஸ்டிக்கின் முடிப்பு பக்கத்தில் நின்ற டொயோட்டாவோடு ஒப்பிட்டால் ஒரு படி கீழே. விலை மலிவுதான், ஆனாலும் அதே கடையில், அதே விற்பனையாளர், அதே வாடிக்கையாளரிடம் டொயோட்டாவின் சொந்த 'கொரோனா' காரையும் காட்ட முடியும் அல்லவா? ஆண்டுக்கு 20,000 விற்பது என்ற இலக்கை ஒரு ஆண்டுகூட எட்டவில்லை. 2000-இல் நிறுத்திவிட்டார்கள். டொயோட்டாவின் கடைப் படையே பின்னால் நின்றும் ஒரு கார் விற்கவில்லை என்றால், "கடை கிடைக்கவில்லை" என்ற புகாரை எவ்வளவு தூரம் ஏற்பது?

ஜிஎம்மின் சாட்டர்ன் 1997-இல் வந்து 2001-இல் போய்விட்டது. கிரைஸ்லர் நியான் வந்தது தெரியாமலே போனது. இவற்றில் நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இதே காலத்தில் நடந்த இன்னொரு விஷயத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹோண்டா தன் ஓஹையோ தொழிற்சாலையில் அமெரிக்கத் தொழிலாளர்கள் செய்த அக்கார்டு கூபேயை 1988 முதலும், பிறகு அக்கார்டு வேகனையும் ஜப்பானுக்கு அனுப்பி விற்றது. அந்த வேகன் அமெரிக்காவில் வடிவமைத்தது, அமெரிக்காவிலேயே செய்தது. ஜப்பானியர்கள் அதை ஆசையாக வாங்கினார்கள். அமெரிக்காவில் செய்தது என்பதே அதற்கு ஒரு கவர்ச்சி. ஆக, அமெரிக்கத் தொழிலாளியின் கையால் செய்த காரை ஜப்பானியர் ஒதுக்கினார்கள் என்பது பொய். 1980-களில் ஃபோர்டும் 'ஆட்டோராமா' என்ற கடைத் தொடர் வழியாக ஜப்பானில் நன்றாகவே விற்றது. ஆனால் அங்கே விற்ற லேசர், டெல்ஸ்டார், ஃபெஸ்டிவா எல்லாம் மஸ்டா செய்து ஃபோர்டு பெயர் ஒட்டியவை. ஃபோர்டு என்ற பெயருக்கு எதிர்ப்பு இல்லை. அளவும் ஸ்டீயரிங்கும் சரியாக இருந்தால் போதும்.

இன்றும் அதற்குச் சாட்சி ஜீப். 1990-களில் ஜீப் செரோக்கி ஹோண்டா கடைகளிலேயே விற்றது. 1993 முதல் வலப்பக்க ஸ்டீயரிங்கோடு. அமெரிக்கக் கிராமத் தபால்காரர்கள் ஓட்டிக்கொண்டே ஓரத்துப் பெட்டியில் கடிதம் போட வலப்பக்க ஸ்டீயரிங் தேவைப்படும். அவர்களும் அந்தச் செரோக்கியை வாங்கினார்கள் என்பது எனக்குப் பிடித்த ஒரு துணைச் செய்தி. ஜீப் அதன் பிறகு பின்வாங்கவில்லை. 2018-இல் ஜப்பானில் ஆண்டு விற்பனை 10,000-க்கு மேல் இருந்தது, 2021-இல் 14,000-ஐத் தாண்டியது. ஜீப்பின் ராங்லரைப் போல ஒரு கார் ஜப்பானிய நிறுவனம் எதனிடமும் இல்லை. ஜப்பானியருக்கு அது வேண்டும். வலப்பக்க ஸ்டீயரிங்கோடு கிடைக்கிறது. வேறு மந்திரம் எதுவும் இல்லை.

பிஎம்டபிள்யூ செய்த ஒரு காரியத்தைச் சொன்னால் 'முயற்சி' என்ற சொல்லுக்கு அர்த்தம் புரியும். 2012-இல் வந்த அவர்களுடைய 3 சீரிஸ் காரின் அகலம் மற்ற நாடுகளில் 1.81 மீட்டரை ஒட்டி. ஜப்பானில் 1.8 மீட்டருக்கு மேல் போனால் பல குடியிருப்புகளின் நிறுத்தங்களில் இடிக்கும். அதனால் ஜப்பானுக்கு மட்டும் கதவுக் கைப்பிடியை வேறு வடிவில், தட்டையாகச் செய்து, அகலத்தை மிகச் சரியாக 1.8 மீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு சென்டிமீட்டர்தான். பிஎம்டபிள்யூவின் தலைமையகம் இருக்கும் மியூனிக்கில் யாரோ ஒருவர் யோக்கோஹாமாவின் நிறுத்தக் கோபுரத்தை நினைத்துக் கைப்பிடி வரைந்திருக்கிறார். அதே நிறுவனம் 1981-லேயே ஜப்பானில் சொந்தக் கிளை திறந்து, சொந்தக் கடைத் தொடரைக் கட்டத் தொடங்கிவிட்டது.

கடை என்பது வெறும் காட்சிக்கூடம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதுக் காருக்கு மூன்று ஆண்டிலும் அதன் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் 'ஷாகென்' என்ற கட்டாயச் சோதனை உண்டு. பெரும்பாலானோர் வாங்கிய கடையிலேயே அதைச் செய்வார்கள். கடைக்காரர் வீட்டுக்கு வந்து காரை எடுத்துப் போவார், மாற்றுக் கார் விட்டுப் போவார், முடித்துக் கழுவிக் கொண்டுவந்து விடுவார். வாங்குகிறவர் அடுத்த பத்து ஆண்டுக்கு அந்த ஆளோடு ஓர் உறவை வாங்குகிறார். அந்த ஆள் பத்து ஆண்டு கழித்தும் அங்கே இருப்பாரா என்ற கேள்வி முக்கியம். 2016 ஜனவரியில் ஃபோர்டு ஜப்பானை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. முந்தைய ஆண்டில் விற்றது சுமார் 5,000 கார். நாடு முழுக்க 52 கடைகள். அந்த ஆண்டு முடிவோடு எல்லாம் மூடியது. ஏற்கெனவே வாங்கியிருந்தவர்கள் பாகத்துக்கு அலைந்ததை நான் நேரில் பார்த்தேன். வெளியேறியது லாப நஷ்டக் கணக்கில் சரியாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வெளியேற்றமும் அடுத்து வருகிறவரின் வேலையை இன்னும் கடினமாக்கிவிட்டுப் போகிறது.

சரி, விதிமுறைகளைப் பற்றிய புகார் என்ன ஆனது? அது பாதி உண்மை. ஜப்பான் ஐ.நா. அமைப்பின் கீழ் உருவான வாகன விதிகளைப் பின்பற்றுகிறது; அமெரிக்கா தன் சொந்த விதிகளை வைத்திருக்கிறது. விளக்கு, மோதல் சோதனை, சான்று பெறும் முறை எல்லாவற்றிலும் சிறு சிறு வித்தியாசங்கள் உண்டு. அந்த மாற்றங்களுக்குச் செலவாகும். குறைவாக விற்கும் காருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதற்காகவே குறைவாக விற்கும் இறக்குமதிக் கார்களுக்கு எளிய அனுமதி முறை ஒன்றை ஜப்பான் வைத்திருந்தது. 2013-இல் அதன் வரம்பை ஒரு வகைக்கு ஆண்டுக்கு 2,000-லிருந்து 5,000 ஆக உயர்த்தியது. பெரும்பாலான அமெரிக்கக் கார்கள் அந்த 5,000-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 2025-இல் ஏற்பட்ட உடன்பாட்டில், அமெரிக்கப் பாதுகாப்பு விதிப்படி செய்த காரை மேற்கொண்டு சோதனை இல்லாமல் ஏற்பதாகவும் ஜப்பான் ஒப்புக்கொண்டது. ஐரோப்பியர்கள் இந்தச் சலுகை இல்லாமலே வந்து நின்றவர்கள்.

என் பார்வையில் உண்மையான காரணம் டெட்ராய்ட்டின் சொந்த முடிவு, அதில் குற்றம் சொல்லவும் பெரிதாக இல்லை. லாபம் இருப்பது பிக்கப்பிலும் பெரிய எஸ்யூவியிலும். வாங்குகிறவர்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறார்கள். வலப்பக்க ஸ்டீயரிங் உலகத்தை அவர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். ஜிஎம் 2017-இல் ஐரோப்பியக் கிளையை விற்றது, அதே ஆண்டு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது, ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் தொழிற்சாலையை மூடியது. ஃபோர்டு 2022-இல் நம் மறைமலைநகர் தொழிற்சாலையில் கார் உற்பத்தியை நிறுத்தியது. வலப்பக்க ஸ்டீயரிங் வைத்த சிறிய கார்களை நன்றாகச் செய்யத் தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள் அங்கே இருந்தன. அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

தூரமோ நாட்டின் பெயரோ தடை இல்லை என்பதற்கு இந்தியாவே இப்போது சாட்சி. 2024 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சுசுகி ஃபிராங்ஸ் குஜராத்தில் செய்தது. அதன் உயரம் மிகச் சரியாக 1.55 மீட்டர், அந்தக் கோபுர வாசல் பலகையில் உள்ள எண்ணேதான். 2025 தொடக்கத்தில் இந்தியாவில் செய்த ஐந்து கதவு ஜிம்னியை அறிவித்தபோது, நான்கு நாளில் சுமார் 50,000 பேர் பதிவு செய்து, பதிவையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. விற்றது ஜப்பானிய நிறுவனம் என்பது அதற்குப் பெரிய துணைதான். ஆனால் சரியான அளவில் வந்தால் எங்கே செய்தது என்று வாங்குகிறவர் கேட்கவில்லை.

அமெரிக்கர்களும் முற்றாக விலகிவிடவில்லை. இப்போதைய கார்வெட், அந்தப் பெயரின் வரலாற்றில் முதன்முறையாகத் தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வந்து, 2021 முதல் ஜப்பானில் கிடைக்கிறது. டெஸ்லாவும் அதிகம் விற்கும் தன் மாடல் 3, மாடல் ஒய் கார்களை வலப்பக்க ஸ்டீயரிங்கோடுதான் விற்கிறது. ஜப்பானுக்கு வரும் அந்தக் கார்கள் ஷாங்காய் தொழிற்சாலையில் செய்தவை. 2025 டிசம்பரில் டொயோட்டா இன்னொன்றை அறிவித்தது: அமெரிக்காவில் தான் செய்யும் கேம்ரி, ஹைலேண்டர், டண்ட்ரா மூன்றையும் 2026 முதல் ஜப்பானில் விற்கப் போகிறது. டண்ட்ரா பிக்கப் எஃப்-150 அளவே அகலம். ஊர்ப்புறத்தில் பெரிய முற்றம் வைத்திருக்கும் ஆர்வலர்கள் வாங்குவார்கள், என் பழைய நண்பர் இந்நேரம் விலை விசாரித்திருப்பார். கென்டக்கியில் செய்யும் கேம்ரியின் அளவை எடுத்துப் பார்த்தேன். நீளம் 4.92 மீட்டர், அகலம் 1.84, உயரம் 1.45. எங்கள் அலுவலகத்துக்கு எதிரே நின்ற பெரியவர் அதைப் பார்த்தால் கைகளைக் குறுக்கே வைக்க மாட்டார். உள்ளே வரச் சொல்லி வழி காட்டுவார்.